தாய்க்கு நோய், பிள்ளைகளோ சிறுவர்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது குடும்பம் நடத்தும் வகை



நம் சங்கத்தின் இந்த ஏட்டில் வழக்கமாகச் சரக்கு விலை, லைசென்ஸ், வேலையாள் பஞ்சம் ஆகியவற்றைப் பற்றியே பாடங்கள் வருகின்றன. அவையெல்லாம் கடைக்கு வேண்டியவை. இம்முறை வீட்டுக்கு வேண்டிய ஒரு பாடத்தை எழுத முன்வந்தேன். வீடு நிலைகுலைந்தால் கடை எத்தனை நாள் நிற்கும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

பொருள் சற்றுக் கூச்சத்துக்குரியது. மார்பகப் புற்றுநோய் என்ற பெயரை நம்மவர் வீடுகளில் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்த வியாதி" என்பார்கள். அல்லது சும்மா இருந்துவிடுவார்கள். ஒரு பெண் கட்டியைத் தொட்டு உணர்ந்த நாளுக்கும் டாக்டரிடம் போகும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடிவிடுவதற்கு இந்தக் கூச்சமே ஒரு பெரிய காரணம். ஆகவே பெயரைச் சொல்லியே எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டு ஈப்போவில் கடை வைத்திருப்பவன். என் வீட்டாருக்கு 38-வது வயதில் இந்நோய் கண்டது. அப்போது மூத்த மகளுக்கு வயது 11, மகனுக்கு 6, கடைக்குட்டிப் பெண்ணுக்கு 2. ஆபரேஷன், ஆறு தடவை மருந்து ஏற்றுதல், பிறகு கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்து, இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். டாக்டர்களிடமும் தாதிமாரிடமும் கேட்டறிந்தவற்றையும், வீட்டில் நடத்திப் பார்த்தவற்றையும் அவருடைய சம்மதத்தின் பேரில் இங்கே எழுதுகிறேன்.

1. நோயின் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். வியாபாரிக்குக் கணக்குச் சொன்னால்தான் விளங்கும். மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நம் நாட்டுப் பெண்களில் 27 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். இந்திய வம்சாவளிப் பெண்களிடையே இது சற்று அதிகம். நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்றாம் நிலையிலோ நான்காம் நிலையிலோதான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறார்கள் என்பதையும் அதே பதிவேடு காட்டுகிறது.

காலதாமதத்தின் விலை என்ன? 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களைக் கவனித்து, சுகாதார அமைச்சு 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் நிலையில் வந்தவர்களில் ஐந்தாண்டு கழிந்தும் உயிரோடிருந்தோர் 100-க்குச் சுமார் 87 பேர். நான்காம் நிலையில் வந்தவர்களில் சுமார் 23 பேர். நோய் ஒன்றே, வந்த நாள்தான் வேறு. இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

இந்நோய் பெரிய வீடு, சிறிய வீடு என்று பார்ப்பதில்லை. நம் நாட்டுப் பிரதமராயிருந்த அப்துல்லா அகமது படாவி அவர்களின் துணைவியார் டத்தின் ஸ்ரீ எண்டோன் மஹ்மூத் 2005 அக்டோபரில் இந்நோயால்தான் காலமானார். அவருடைய இரட்டைச் சகோதரியையும் இதே நோய் அதற்கு முன்பே கொண்டுபோயிற்று. எண்டோன் அம்மையார் தம் நோயை மறைக்காமல் வெளியே பேசினார். அது பிற பெண்களுக்குத் தைரியம் தந்தது.

நம் தாய்நாட்டுப் பக்கம் பார்த்தால், புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்ல வேண்டும். தம் இளைய சகோதரி புற்றுநோயால் மாண்டதைக் கண்டு மனம் வெதும்பியவர் அவர். பல்லாண்டு முயன்று 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறந்தார். முதலில் அங்கிருந்தவை 12 படுக்கைகள். அடுத்த ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அவ்விடத்தை விட்டு அகலவில்லை. நம்மவர் பலர் ஊருக்குப் போகும்போது இன்றும் நாடிச் செல்லும் இடம் அது.

வைத்தியம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கும் ஒரு வார்த்தை. 1811-ல் பாரிஸ் நகரில் ஃபேனி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளருக்கு மயக்க மருந்தே இல்லாமல் மார்பை அறுத்தெடுத்தார்கள். அவர் அதையும் தாங்கி 1840 வரை வாழ்ந்தார். இன்றோ மயக்க மருந்து உண்டு. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலே பலருக்குப் போதும் என்ற நிலையும் உண்டு. "அறுத்தால் பரவிவிடும்" என்று பயமுறுத்துகிறவர்கள் இதை அறிய வேண்டும்.

2. சிகிச்சையின் நடை

ஊசியால் சதையெடுத்துச் சோதித்து, இன்ன வகை நோய் என்று தெரிந்த பிறகே டாக்டர்கள் திட்டம் போடுவார்கள். எல்லாருக்கும் ஒரே வைத்தியம் அல்ல. சிலருக்கு ஆபரேஷன் முதலில், சிலருக்கு மருந்து முதலில். நரம்பு வழியே ஏற்றும் மருந்தைக் கீமோ என்பார்கள். பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நான்கிலிருந்து எட்டுத் தடவை வரை வரும். கதிர்ச் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள் வீதம் சில வாரம் நடக்கும். நோயின் வகைக்கேற்ப, ஓராண்டு ஊசி போட வேண்டியவரும் உண்டு. ஐந்து முதல் பத்தாண்டு மாத்திரை சாப்பிட வேண்டியவரும் உண்டு.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டியது யாது? இது ஒரு வாரத்துக் காய்ச்சல் அல்ல. ஏறக்குறைய ஒரு வருஷத்து வேலை. முதல் வாரத்தில் ஊரே திரண்டு வந்து உதவி செய்யும். நான்காம் மாதத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆகையால் உதவியையும் சரக்கைப் போல இருப்பு வைத்துச் செலவிட வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரியில் எது நடக்கும், கதிர்ச் சிகிச்சைக்கு வெளியூர் போக வேண்டுமா என்பதை முதல் நாளே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் ஆஸ்பத்திரியிலோ நீங்கள் பார்க்கும் வேறு ஆஸ்பத்திரியிலோ கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

3. இருபத்தொரு நாள் காலண்டர்

மூன்று வாரக் கீமோவுக்கு ஒரு நடை உண்டு. அதைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் காலண்டரில் குறித்தால் பாதிச் சிரமம் குறையும்.

மருந்து ஏற்றிய நாளிலிருந்து நாலைந்து நாள் குமட்டலும் சோர்வும் மிகுந்திருக்கும். இந்நாட்களில் வீட்டில் இன்னொரு பெரிய ஆள் கட்டாயம் வேண்டும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை உடம்பில் வெள்ளை அணுக்கள் குறைந்து, நோயெதிர்ப்புச் சக்தி தாழ்ந்திருக்கும். வெளியே பார்க்க ஆள் தெம்பாகத் தெரிந்தாலும் ஆபத்தான நாட்கள் இவையே. மூன்றாம் வாரத்தில் உடம்பு தேறும். பிள்ளைகளோடு வெளியே போக, பள்ளிக்கூட விஷயம் பேச, ஆசையாக ஒரு கறி சமைக்க இந்த வாரமே ஏற்றது. நான் கொள்முதலுக்கு வெளியூர் போவதை மூன்றாம் வாரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

காலண்டரைப் பிள்ளைகளும் பார்க்கட்டும். எங்கள் மகனுக்கு எழுத்துச் சரியாக வராது. மருந்து நாட்களுக்குச் சிவப்புப் பொட்டு, தேறிய நாட்களுக்குப் பச்சைப் பொட்டு வைக்கச் சொன்னோம். "அம்மா ஏன் எந்திரிக்கலை?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன், "இன்னிக்குச் சிவப்பு நாள்" என்று தானே சொல்லத் தொடங்கினான்.

4. பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

பலர் செய்வது மறைப்பதே. "அம்மாவுக்குச் சளி" என்பார்கள். பிறகு தலைமுடி கொட்டும், பிள்ளை பயந்துபோகும். அதைவிடக் கேடு, அண்டை வீட்டுப் பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்வது. சிறுவர்கள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கும் பாதிப் பேச்சைக் கொண்டு, உண்மையைவிடப் பயங்கரமான கதையைத் தாமே கட்டிக்கொள்வார்கள்.

ஆகவே நோயின் பெயரைச் சொல்லுங்கள். எந்த வயதுப் பிள்ளைக்கும் மூன்று பயம் உண்டு. வாய்விட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மூன்றுக்கும் விடை சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, "என்னால் வந்ததா?" எங்கள் மகன் ஒருநாள் இரவு தன் தாயிடம் கேட்டான்: "அம்மா, நான் அன்னிக்கு விளையாடும்போது நெஞ்சுல உதைச்சேனே, அதனாலயா?" அதுவரை எத்தனை நாள் அதை மனத்தில் வைத்திருந்தானோ! அடியாலோ உதையாலோ, பிள்ளை செய்த குறும்பாலோ, தாய் மனம் நொந்ததாலோ இந்நோய் வருவதில்லை என்பதைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஒரு தடவைக்குப் பல தடவை சொல்லுங்கள்.

இரண்டாவது, "எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா?" ஒட்டாது. கட்டிப்பிடிக்கலாம், முத்தமிடலாம், பக்கத்தில் படுக்கலாம். வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சை உடம்பில் தங்குவதில்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த தாயைப் பிள்ளை தொட்டால் ஒரு கெடுதலுமில்லை. இதைத் தெரியாமல் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, "என்னை யார் பார்த்துக்கொள்வார்?" இதற்குப் பொதுவான ஆறுதல் போதாது, பெயர் சொல்லிப் பதில் தர வேண்டும். "காலையில் அத்தா பள்ளிக்கூடம் கொண்டுவிடுவேன். மத்தியானம் நன்னி அழைத்து வருவாங்க. ராத்திரி மாமி வீட்டுச் சாப்பாடு." இப்படிச் சொன்னால் பிள்ளை தூங்கும்.

வயதுக்கு வயது வித்தியாசமும் உண்டு. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைக்கு விளக்கம் தேவையில்லை. தாயின் மேனிச் சூடும், தினமும் ஒரே நேரத்தில் சோறும் தூக்கமும் போதும். ஆறேழு வயதுப் பிள்ளைக்குச் சுருக்கமான உண்மை வேண்டும். பத்து வயதைத் தாண்டியவர்கள் மருந்தின் பெயர்கூடக் கேட்பார்கள், சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பிள்ளையின் கவனம் சிதறினால் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"அம்மா மவுத்தாயிடுவாங்களா?" என்றும் கேட்பார்கள். அதற்கு, "கட்டாயம் பிழைத்துவிடுவார்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நம் கையில் இல்லாத சரக்குக்கு முன்பணம் வாங்குவது போன்றது அது. "டாக்டர்கள் நல்ல மருந்து கொடுக்கிறார்கள், நாம் துஆ செய்கிறோம், ஏதேனும் மாறினால் உன்னிடம் மறைக்கமாட்டேன்" என்று சொல்வதே உண்மையான பதில். என் வீட்டார் இதைச் சொன்னபோது மூத்தவள் அழுதாள். மறுநாள் முதல் அவள் ஒட்டுக்கேட்பதை நிறுத்திவிட்டாள்.

மூத்த மகளைப் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தாய் படுத்தால் மூத்த பெண்ணே தாயாகிவிடுகிறாள். தம்பி தங்கையைக் குளிப்பாட்டுதல், சமையல், துவைத்தல் எல்லாம் அவள் தலையில் விழும். இரண்டு வேலைகளை மட்டும் அவளுக்கென ஒதுக்கி, மற்றவற்றுக்குப் பெரியவர்களைத் தேடுங்கள். அவள் படிப்பு நின்றால், நோய் ஒருவருக்குப் பதில் இருவரைப் பிடித்ததாகும். தாய்க்கு இளவயதில் இந்நோய் வந்திருந்தால், மகள் எந்த வயதில் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

5. வீட்டில் கவனிக்க வேண்டியவை

காய்ச்சல்தான் முதல் எதிரி. கீமோ நடக்கும் காலத்தில் உடம்புச் சூடு 38 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பனடோல் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்றிருக்கக் கூடாது. வெப்பமானி ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். அந்நேரத்தில் பிள்ளைகளை எந்த வீட்டில் விடுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டே தாயிடம் போக வேண்டும். பள்ளியில் யாருக்கேனும் சின்னம்மை கண்டு, நம் பிள்ளை அவர்களோடு பழகியிருந்தால் உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தால், வீட்டில் கீமோ நோயாளி இருப்பதைக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்குப் பின் சில வாரம் தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு இது பெரிய ஏமாற்றம். தாய் தரையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, குழந்தையே ஏறி மடியில் அமரும்படி பழக்கலாம். புண்ணின் மேல் ஒரு சிறு தலையணை வைத்துக்கொள்ளலாம். அக்குள் கழலைகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கக்கூடும். அந்தக் கையில் வெட்டுக்காயம், தீக்காயம் படாமல் காத்து, தாதி சொல்லிக் கொடுக்கும் பயிற்சியைச் செய்துவர வேண்டும்.

பால் குடிக்கும் குழந்தை இருந்தால் கீமோ தொடங்குமுன் நிறுத்தியாக வேண்டும். சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிக்கவும் கூடாது. அதற்குரிய முறையை டாக்டரே சொல்வார், ஏனெனில் ஹார்மோன் மாத்திரை இந்நோயாளிக்கு ஆகாது.

மருந்து ஏற்றி இரண்டு நாள் வரை சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் இருக்கும். கழிவறையில் இருமுறை தண்ணீர் விடுவதும், அழுக்கான துணியைக் கையுறை போட்டுத் தனியே துவைப்பதும் போதும்.

முடி உதிர்தல் முதல் மருந்துக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து ஆரம்பமாகும். வெளியே முக்காடு இருக்கிறது. வீட்டுக்குள் பிள்ளைகள் பார்க்கத்தானே செய்வார்கள்? உதிருமுன் முடியைக் குட்டையாக வெட்டி, பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வைத்தால் அதிர்ச்சி குறையும். மருந்து முடிந்தபின் திரும்ப முளைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும். வெளியில் வெட்டி வைத்த பழம், பச்சை உலாம், நேற்றைய குழம்பு ஆகியவற்றைத் தவிர்க்கவும். சூடான கறியின் வாசனை குமட்டினால், ஆறிய உணவைச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். நாசி கண்டார் கடைச் சகோதரர்களே, உங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: தாளிப்பு வாசனை ஏறிய சட்டையோடு படுக்கையண்டை போகாதீர்கள். குளித்து மாற்றிக்கொண்டு போங்கள். என் வீட்டார் முதலில் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு, நான் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். காரணம் பிறகுதான் தெரிந்தது.

6. கணவனின் கடமை

நம் கடைகள் விடியுமுன் திறந்து இரவு வெகுநேரம் கழித்து மூடுபவை. "நான் சம்பாதிக்காவிட்டால் மருந்துக்குப் பணம் ஏது?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நாளில் மூன்று வேளை கடைக்காரன் வீட்டில் இருந்தாக வேண்டும்: பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரம், அவர்கள் தூங்கப் போகும் நேரம், மருந்து ஏற்றும் நாள். மற்ற நேரங்களை வேலையாளிடமும் தம்பியிடமும் விடலாம். கடையை ஒரு மணி நேரம் முன்னதாக மூடியதால் திவாலான வியாபாரியை நான் கண்டதில்லை.

ஆஸ்பத்திரி அறையில் டாக்டர் பேசும்போது மனைவியைப் பார்த்துப் பேச விடுங்கள். எல்லாக் கேள்விக்கும் நாமே பதில் சொல்வது நம்மிடமுள்ள பழக்கம். உடம்பு அவருடையது, வலி எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். மார்பை எடுத்த பெண் மனத்துக்குள் ஒரு கேள்வி வைத்திருப்பார்: "இனி இவருக்கு என்னைப் பிடிக்குமா?" அதை அவர் கேட்கமாட்டார். கேட்காமலே தெரியும்படி நடந்துகொள்வது கணவனின் பொறுப்பு.

7. நம் கடையில் விற்கும் மருந்துகள்

இதை நம்மவருக்கென்றே எழுதுகிறேன். கருஞ்சீரகம், தேன், மஞ்சள் முதலியன நம் அலமாரிகளில் இருக்கின்றன. துரியான் பிளாண்டா இலையைக் காய்ச்சிக் குடித்தால் புற்றுநோய் கரையும் என்று இந்நாட்டில் பலர் நம்புகிறார்கள். உணவாக உண்பது வேறு. ஆஸ்பத்திரி வைத்தியத்தை நிறுத்திவிட்டு இவற்றை நம்புவது வேறு. கட்டி கையளவு ஆன பின் ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களில், இப்படி நாளைக் கடத்தியவர்கள் உண்டு. சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும். ஈரலுக்குக் கெடுதல் செய்யும். எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வாடிக்கைக்காரப் பெண் ஒருவர் வந்து, "அண்ணே, கட்டிக்கு ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டால், புட்டியை எடுத்து நீட்டுமுன், "முதலில் கிளினிக்கில் காட்டுங்க தங்கச்சி" என்று சொல்லுங்கள். கல்லாவில் இருபது வெள்ளி குறையும். தராசு நேராக இருக்க வேண்டும் என்று நாம் படித்தது அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமா?

8. மார்க்கத்தின் சலுகை

நோயாளிக்கு ரமலான் நோன்பில் சலுகை உண்டு என்பது நாம் சிறுவயதில் மதரஸாவில் படித்ததே. ஆனாலும் பல பெண்கள் பிடிவாதமாக நோன்பு வைத்து மயங்கி விழுகிறார்கள். பிறகு களாச் செய்வதா, பித்யா கொடுப்பதா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். உட்கார்ந்தோ படுத்தோ தொழவும் வழியுண்டு. பெண் டாக்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஆண் டாக்டர் பார்ப்பதற்கு அவசியத்தின் பேரில் அனுமதி உண்டு. இதைக் காரணம் காட்டி ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடலாகாது.

9. பணம்

அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. ஊரிலிருந்து மணமுடித்து வந்து இன்னும் குடியுரிமை பெறாத பெண்களுக்கு விகிதம் வேறு. அது மிக அதிகம். அப்படிப்பட்ட வீட்டார் முதலிலேயே கணக்குப் பிரிவில் விசாரித்து, இங்கே வைத்தியமா ஊரிலா என்று தீர்மானிக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலுள்ள சமூகநலப் பிரிவினர் உதவிகளுக்கு வழிகாட்டுவார்கள். பேராக் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஜகாத் பிரிவிலும் மனுச் செய்யலாம். 1966-ல் தோன்றிய தேசியப் புற்றுநோய்ச் சங்கமும், 1994-ல் தோன்றிய மாக்னாவும் நோயாளிகளுக்கு உதவுகின்றன. கடும் நோய்ச் சிகிச்சைக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணமெடுக்கவும் விதியுண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் நோய் வருமுன்னரே மனைவியைச் சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

10. நலம் விசாரிப்பதும், நம் சங்கமும்

நலம் விசாரிக்கப் போவது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் பிள்ளைகள் முன்னே அழுவதும், "என் மச்சிக்கும் இப்படித்தான் வந்து..." என்று முடிவு வரை கதை சொல்வதும் வேண்டாம். பத்து நிமிஷம் இருந்து, ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை போகாமலிருந்து, கையில் வெந்த சாப்பாடு கொண்டுபோவதே விசாரிப்பு. சளி இருமல் உள்ளவர் வாசலோடு நிற்கட்டும்.

ஈப்போ நகரத்தில் இருக்கும் நமக்கு ஆஸ்பத்திரி அருகில் இருக்கிறது. சுங்கை சிப்புட், செம்மோர், கம்பார், தாப்பா பக்கங்களில் முன்பு ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சில இடங்களில் வீடுகள் எழும்பின. லயங்கள் காலியாயின, தோட்ட டிரஸரும் போய்விட்டார். அங்கே மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நம் கடைகளில் பற்று வைத்துச் சாமான் வாங்கியவர்கள். இன்று ஒரு தாய் பிள்ளைகளை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி ஈப்போவுக்கு மருந்து ஏற்ற வந்து, குமட்டலோடு திரும்பிப் போகிறார். விடியற்காலை சரக்கெடுக்க ஈப்போவுக்கு வரும் நம் வேன்களில், அவருக்கும் துணைக்கு வரும் பெண்ணுக்கும் இடம் கொடுக்க முடியாதா? எந்த மதத்தவராயினும் வாடிக்கைக்காரர் நம்மவரே.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை. நன்கொடைப் பட்டியலைப் போல உதவிப் பட்டியல் ஒன்று எழுதி வைக்கலாம்: வேன் உள்ளவர் யார், வாரத்தில் ஒரு நாள் சமைத்துக் கொடுக்கக்கூடிய வீடு எது, பள்ளியிலிருந்து பிள்ளைகளை அழைத்து வரக்கூடியவர் யார், முன்பு இச்சிகிச்சை பெற்றுத் தேறி மற்றப் பெண்களுடன் பேச முன்வரும் சகோதரிகள் யார். என் வீட்டார் தம் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறார்.

நினைவிற்கொள்ள

1. கட்டி, தோல் சுருக்கம், காம்பில் இரத்தம் எது கண்டாலும் அந்த வாரமே டாக்டரிடம் போகவும்.
2. பிள்ளைகளிடம் நோயின் பெயரைச் சொல்லவும். அவர்களால் வரவில்லை, ஒட்டாது, பார்த்துக்கொள்ள ஆளுண்டு என்ற மூன்றையும் சொல்லவும்.
3. 38 டிகிரி காய்ச்சலுக்கு உடனே ஆஸ்பத்திரி.
4. மூத்த மகளின் படிப்பை நிறுத்தாதீர்கள்.
5. கடையின் ஒரு மணி நேரத்தை வீட்டுக்குக் கொடுங்கள்.

இன்றிரவு கடையை மூடியதும் இவ்வேட்டை மடித்துக் கல்லாவில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டாரும் வாசிக்கட்டும். நோயுற்ற தாய்மார் அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்களுடைய பிள்ளைகளுக்கு மன நிம்மதியையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.